நூலகத்தின் நண்பர்கள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் போட்லியன் நூலகம் உள்ளது. நூல்களை இழந்து வெறுமையாகக் கிடந்த பழைய நூலகத்தைச் சர் தாமஸ் போட்லி தம் செல்வத்தால் புதுப்பித்து, 1602-ஆம் ஆண்டு திறந்துவைத்தார். நூலோ பொருளோ வழங்கியவர்களின் பெயர்களை எழுதிவைக்கப் பெரிய பதிவேடு ஒன்றையும் ஏற்படுத்தினார். 1610-இல் இலண்டன் புத்தக வணிகர் சங்கத்தோடு ஓர் உடன்படிக்கை செய்தார். அதன்படி, அச்சங்கத்தார் அச்சிடும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி நூலகத்திற்கு வரவேண்டும்.

அவ்வாறு வந்த நூல்களுள் ஒன்று, 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதி. இதனை 'முதல் ஃபோலியோ' என்பர். இதிலுள்ள 36 நாடகங்களுள் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறாதவை. 'மேக்பெத்' நமக்குக் கிடைத்தது இத்தொகுதியால்தான். அக்காலத்தில் பெரிய நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். மாணவர்கள் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தையே பெரிதும் விரும்பினர் போலும்! அதன் பக்கங்கள் மற்றவற்றைவிட மிகுதியாகத் தேய்ந்துள்ளன.

1664-ஐ ஒட்டிப் புதிய பதிப்பு வந்தது. பழையது இனித் தேவையில்லை என்று கருதி நூலகத்தார் அதனை விற்றுவிட்டனர்.

ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழிந்தன. 1905-இல் மாணவர் ஒருவர், தம் குடும்பத்தாரிடம் இருந்த பழைய நூலின் கட்டமைப்பைச் செப்பனிட ஆலோசனை கேட்டு, அதனை நூலகத்திற்குக் கொண்டுவந்தார். அதன் தோலட்டையை ஆராய்ந்தவர்கள் திகைத்தனர். தாங்கள் விற்ற அதே நூல்! ஆனால், பெயர் வெளியிடாத ஒருவர் அதற்கு 3,000 பவுன் தர முன்வந்தார். அவர் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோல்ஜர் என்பது பின்னரே தெரிந்தது. நூலகத்திடம் அவ்வளவு பணம் இல்லை. நூலகர் நிக்கல்சன் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். நூற்றுக்கணக்கானோர் தம்மால் இயன்றதை அனுப்பினர். 1906-இல் நூல் தன் வீடு திரும்பியது.

இத்தகைய வாய்ப்பு வரும்போதெல்லாம் புதிதாகப் பணம் திரட்டுவது எளிதன்று. ஏலத்தில் ஓர் அரிய கையெழுத்துப் படி சில நிமிடங்களில் கைமாறிவிடும். பல்கலைக்கழகம் தரும் பணமோ அன்றாடச் செலவுகளுக்கு உரியது. 1925-இல் 'போட்லியன் நண்பர்கள்' என்னும் அமைப்பு தோன்றியது. உறுப்பினர்கள் தாமே விரும்பி ஆண்டுதோறும் சந்தா செலுத்துகின்றனர். அப்பணம் அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் வாங்க உதவுகிறது. நண்பர்களாவதற்குப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. நூலகத்தின்மீது அன்பு இருந்தால் போதும்.

அதே ஃபோலியோவைப் பழுதுபார்த்துப் படமெடுக்க 2012-இல் மீண்டும் பொதுமக்கள் பொருள் வழங்கினர். இன்று அதன் தேய்ந்த பக்கங்களை நீங்களும் இணையத்தில் புரட்டிப் பார்க்கலாம்.

சொற்பொருள்
படி – பிரதி
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
சந்தா – உறுப்பினர் செலுத்தும் கட்டணம்

வினாக்கள்
1. நூலகத்தார் முதல் ஃபோலியோவை ஏன் விற்றனர்?
2. 1906-இல் அந்நூல் எவ்வாறு திரும்பி வந்தது?
3. உங்கள் பள்ளி நூலகத்திற்கு 'நண்பர்கள்' அமைப்பு ஒன்றைத் தொடங்கினால், முதலில் எந்தத் தமிழ் நூலை வாங்குவீர்கள்? ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.