"இந்த வயசுல அப்படித்தான்": மாதவிடாய் நிற்கும் காலத்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூருவில் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண், "ராத்திரி தூக்கமே இல்லக்கா, திடீர்னு உடம்பெல்லாம் அனலா அடிக்குது" என்று சொன்னால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "இந்த வயசுல அப்படித்தான், பொறுத்துக்கோ" என்பது ஒன்று. "கர்ப்பப்பைய எடுத்துடு, நிம்மதியா இருக்கலாம்" என்பது மற்றொன்று. அன்போடு சொல்லப்படும் இந்தப் பதில்கள் எத்தனையோ பெண்களைத் தேவையில்லாமல் வதைத்திருக்கின்றன.

"எல்லாம் உடம்புச் சூடுதான். மோர் குடி, சரியாப் போயிடும்."

மோர் நல்லதுதான், ஆனால் இந்த அனல் வயிற்றிலிருந்து கிளம்புவதில்லை. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பு குறையும்போது, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. இல்லாத சூட்டை இருப்பதாக எண்ணி வியர்வையைக் கொட்டவைக்கிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலைநாட்டுப் பெண்களைவிட நாலைந்து ஆண்டு முன்னதாகவே. தொந்தரவுகளோ அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிடும்: படபடப்பு, மூட்டுவலி, காரணமில்லாத எரிச்சல், மறதி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தில் வலி. கடைசி இரண்டையும் அக்கா தங்கையிடம்கூடப் பெண்கள் சொல்வதில்லை. ஆனால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உள்ள கிரீமைப் பிறப்புறுப்பில் தடவினால் பெரும்பாலோருக்கு அவை நன்றாகவே குறைகின்றன. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டா பிரச்சினையே இல்ல."

இதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அனலும் தூக்கமின்மையும் சினைப்பையின் சுரப்பு குறைவதால் வருபவை. கர்ப்பப்பையை எடுத்தால் அவை எப்படி நிற்கும்? அதோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் படிப்படியாக நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்து, எல்லாத் தொந்தரவும் கடுமையாகத் தாக்கும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சில ஆண்டு முன்னதாகவே ஓயக்கூடும். முப்பத்தைந்து வயதில் இப்படி ஆனால் எலும்பும் இதயமும் சேர்ந்து விலை கொடுக்கும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் எட்டு, ஒன்பது பேர். பெரும்பாலான அறுவைகள் நடந்தவை தனியார் மருத்துவமனைகளில். நம் கர்நாடகத்திலேயே, கலபுரகி மாவட்டத்தில் லம்பாணி, தலித் பெண்களுக்குத் தேவையின்றி இந்த அறுவை நடந்தது பத்து வருடம் முன்பு அம்பலமானது. வயிற்றுவலி என்று போனவர்களிடம் "புற்றுநோய் வந்துடும்" என்று பயமுறுத்தியிருந்தார்கள். மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

புற்றுநோய்க்கும், மருந்துக்கு அடங்காத உதிரப்போக்குக்கும் இந்த அறுவை தேவைப்படலாம். ஆனால் அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரைகள் உண்டு, ஹார்மோன் உள்ள காப்பர்-டி போன்ற சாதனம் உண்டு. அவற்றை முயலாமல் ஒரு மருத்துவர் கத்தியை எடுத்தால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனை நமக்குப் பக்கம்தானே.

"நின்னப்புறம் கொஞ்சம் பட்டா பழைய அழுக்கு வெளியேறுது."

இல்லவே இல்லை. ஒரு வருடம் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். "போன மாசம் விசேஷத்துல அலைஞ்சேன், அதான்" என்று தள்ளிப்போடும் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

"ஹார்மோன் மருந்து எடுத்தா மார்பகப் புற்றுநோய்."

இந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோன் சேர்த்து எடுத்த பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு எட்டுப் பேருக்கு மட்டுமே கூடுதலாக நோய் வந்தது. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், கடும் தொந்தரவு உள்ள பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. எதுவானாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள்.

சுரப்பு குறைவதால் தேயும் எலும்புக்கு இந்த ஊரிலேயே மருந்து இருக்கிறது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கன்னடர்களின் முத்தெயும் நம் களியும் ஒரே மாவுதான். அதோடு வெயிலில் வேகமாக நடங்கள்.

முதலில் உங்கள் வார்டில் உள்ள அரசின் 'நம்ம கிளினிக்'கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்த்துக்கொண்டு, பிறகு அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் போகலாம். மனம் இருண்டுகிடந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; நிம்ஹான்ஸ் வழிநடத்தும் இந்தச் சேவையில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது கடைசி மாதவிடாய்த் தேதி, எத்தனை நாள் பட்டது, ஒரு நாளைக்கு எத்தனை முறை அனல் வருகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கணவரும் கூட வரட்டும்.