வீட்டில் ஃபோனிக்ஸ்: ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளுக்கான முக்கியக் குறிப்புகள்

முதல் தாளின் 150 வினாக்களில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, ஆங்கிலம் 30. வாசிப்பு கற்பித்தல் இரண்டு பகுதிகளிலும் தலைகாட்டும். கீழே உள்ளவற்றில் பாதி தேர்வுக்கு, பாதி வீட்டுக்கு. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டாம். செய்து பார்த்தது மறக்காது.

● ஃபோனிக்ஸ்: ஒலியையும் அதைக் குறிக்கும் எழுத்தையும் இணைத்து வாசிக்கக் கற்றுத்தரும் முறை. ஃபோனெட்டிக்ஸ் வேறு, அது பேச்சொலிகளை ஆராயும் மொழியியல் துறை. ஃபோனீமிக் அவேர்னெஸ் என்பது சொல்லுக்குள் உள்ள ஒலிகளைக் காதால் பிரித்தறியும் திறன். அதற்கு எழுத்தே தேவையில்லை. விடைத் தெரிவுகளில் இம்மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கவனம்.

● ஆங்கில எழுத்து 26. ஒலி சுமார் 44 (பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலி 20, மெய்யொலி 24). ஒலியின் மிகச்சிறு அலகு ஃபோனீம். அதை எழுத்தில் காட்டுவது கிராஃபீம். இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தந்தால் டைகிராஃப்.

● 'ஷிப்' என்ற சொல்லில் எழுத்து 4, ஒலி 3. 'பாக்ஸ்' என்ற சொல்லில் எழுத்து 3, ஒலி 4. கடைசி எழுத்தான எக்ஸ், 'க்', 'ஸ்' என இரண்டு ஒலி தருகிறது.

● ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது பிளெண்டிங், இது வாசிக்க. சொல்லை ஒலிகளாக உடைப்பது செக்மெண்டிங். இது பிழையின்றி எழுத. தனி ஒலியிலிருந்து சொல்லுக்குப் போவது சிந்தெடிக் ஃபோனிக்ஸ். தெரிந்த சொற்களை ஒப்பிட்டு, அவற்றிலுள்ள பொது ஒலியைக் கண்டறிவது அனலிட்டிக் ஃபோனிக்ஸ்.

வீட்டில் தொடங்கும்போது

● நம் வீடுகளில் பெரும்பாலும் 'ஏ, பி, சி' என்று எழுத்தின் பெயர்தான் முதலில் போகிறது. பெயரைக் கூட்டிச் சொல் பிறக்காது. 'பின்' (குண்டூசி) என்ற சொல்லை பீ, ஐ, என் என்று எத்தனை முறை சொன்னாலும் குழந்தைக்கு 'பின்' கேட்காது. ப், இ, ன் என்றால் கேட்கும். ஒலி முதலில், பெயர் பிறகு.

● இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. உயிர் சேராத மெய்யைப் புள்ளி வைத்துக் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு: ப், ம், ஸ். ஆங்கில ஃபோனிக்ஸ் கேட்பதும் இதே தூய ஒலியைத்தான். 'ப'வும் அல்ல, 'பா'வும் அல்ல. ஆனால் மெய்யை 'இப், இம், இக்' என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த இகரம் ஆங்கிலச் சொல்லுக்குள் நுழைந்தால் கூட்டல் கெட்டுவிடும். 'ம்' என்று உதட்டை மூடி நீட்டிக் காட்டுங்கள். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஒலி பிறக்கும் இடத்துக்கென்றே பிறப்பியல் என்ற தனி இயல் உண்டு. உதடு, பல், நாக்கு எங்கே தொடுகிறது என்று கண்ணாடி முன் பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

● ஓர் இடர்ப்பாடும் உண்டு. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்' என்றே தமிழில் எழுதுகிறோம். ஒலிப்புடைய (தொண்டை அதிரும்) ஒலிக்கும் ஒலிப்பில்லா (அதிராத) ஒலிக்கும் நம் எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே தமிழில் எழுதி வைத்து ஆங்கில ஒலி கற்பிப்பது பலிக்காது. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிக்கட்டும்: குண்டூசிக்குக் காகிதம் நன்றாக அசையும், குப்பைத்தொட்டிக்கு அவ்வளவாக அசையாது. தொண்டையில் விரல் வைத்து 'ஸ்' ஒலியையும், 'ஜூ' (மிருகக்காட்சி சாலை) என்பதன் முதல் ஒலியையும் சொல்லச் செய்யுங்கள்; இரண்டாவதில் அதிர்வு தெரியும்.

● அகர வரிசையில் போக வேண்டியதில்லை. ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் 42 ஒலிகள், ஏழு தொகுதிகள். முதல் தொகுதி எஸ், ஏ, டீ, ஐ, பீ, என். இந்த ஆறை வைத்தே பல சிறு சொற்கள் அமைக்கலாம் என்பதால் குழந்தை சீக்கிரமே வாசிக்கத் தொடங்கிவிடும்.

● எல்கோனின் கட்டங்கள்: ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் பெயரால் வழங்குவது. ஓர் ஒலிக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு ஒலியைச் சொல்லும்போதும் ஒரு வில்லையை நகர்த்த வேண்டும். புளியங்கொட்டை போதும், பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

● மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்து: விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்வது. முதல் குழந்தைகள் இல்லம் ரோமில், 1907. மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

ஆண்டுகள்

● 1955: ருடால்ஃப் ஃபிளெஷ், முழுச்சொல் முறையை (சொல்லை ஒலிகளாகப் பிரிக்காமல் முழுதாகவே நினைவில் வைக்கும் முறை) எதிர்த்து எழுதிய நூல். 1967: ஜீன் சால், வாசிப்பு கற்பிக்கும் முறைகள் பற்றிய 'மாபெரும் விவாதம்' ஆய்வு நூல்.
● 1986: காஃப், டன்மர் வாய்பாடு. வாசித்துப் புரிதல் = எழுத்தை ஒலியாக்கும் திறன் × மொழிப் புரிதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று சுழியானால் விடையும் சுழி. பொருள் தெரியாமல் சரளமாக வாசிக்கும் பிள்ளையை இது விளக்குகிறது. எனவே ஃபோனிக்ஸ் நடக்கும் வீட்டில் கதை சொல்வதும் பேச்சும் குறையக் கூடாது. கதை தமிழிலேயே இருக்கட்டும்.
● 2000: அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு அறிக்கை. ஐந்து கூறுகள்: ஒலியன் உணர்வு, ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருளுணர்தல்.
● 2006: இங்கிலாந்து, வாசிப்பு கற்பித்தல் பற்றிய ஜிம் ரோஸ் அறிக்கை. அங்கு 2012 முதல் ஃபோனிக்ஸ் சோதனை: 40 சொற்கள், அதில் 20 பொருளற்ற போலிச் சொற்கள். மனப்பாடத்தால் வாசிக்க முடியாது என்பதே போலிச் சொல்லின் பயன்.
● 2021: நிபுண் பாரத், அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான தேசியத் திட்டம். 2022–23: தமிழ்நாட்டில் அதே நோக்கில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3 வகுப்பு, நிலைகள் அரும்பு, மொட்டு, மலர்.

தேர்வுக்குப் படிப்பவர் வீட்டில் நாலைந்து வயதுக் குழந்தை இருந்தால், நாளுக்குப் பத்து நிமிடம் அதனுடன் இந்த ஒலி விளையாட்டுகளை ஆடுங்கள். அது சலித்து எழுந்துபோனால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.