இந்த மாதச் சொல்: டிஸ்டர்ப்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச்சு தொடங்கும் நேரம். ஒரு உறுப்பினரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. "யாரும்மா அது?" என்று ஊக்குநர் கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, லோன்காரங்க. கொஞ்சம் டிஸ்டர்ப் பண்றாங்க" என்று சொல்லி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்து தனியாகப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் வருகிறது. வாசலில் வந்து நின்று அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார்கள். நாத்தனார் வீட்டுக்கும் போன் போட்டு, "உங்க அண்ணி பணம் கட்டலை" என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்துதான் அவர் வாயில் "கொஞ்சம் டிஸ்டர்ப்" ஆகியிருக்கிறது! அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டோம்.

டிஸ்டர்ப் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் குழப்பம், கூட்டம், கலவரம் என்று பொருள். அமைதியாக இருக்கிற ஒன்றைக் கலைப்பதுதான் டிஸ்டர்ப். தெளிந்த குட்டையைக் கலக்குவது, அடைகாக்கிற கோழியைக் கிளப்பிவிடுவது, தூளியில் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுவது எல்லாமே அதுதான்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை மரியாதைக்கும் சொல்வார்கள். அதிகாரியின் அறைக்குள் போகும்போது "சாரி டு டிஸ்டர்ப் யூ" என்றால், "உங்க வேலைக்கு நடுவுல வந்துட்டேன், மன்னிக்கணும்" என்று அர்த்தம். லாட்ஜ் கதவில் "டு நாட் டிஸ்டர்ப்" அட்டை தொங்கினால், கதவைத் தட்டாதீர்கள் என்று அர்த்தம். நம் வீட்டு அடுப்படிக்கு அப்படி ஓர் அட்டை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். காலை ஏழு மணிக்குப் போன் போட்டு "கணக்குப் புத்தகம் எழுதியாச்சா?" என்று கேட்கிற எங்களைப் போன்ற களப் பணியாளர்களுக்குத்தான் அதை முதலில் காட்ட வேண்டும்.

போனுக்கு அப்படி ஓர் அட்டை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுருக்கமாக டி.என்.டி. என்பார்கள். 1909 என்ற எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்துகொண்டால், விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் நிறுத்தச் சொல்லலாம். அதன் பிறகும் வந்தால் அதே எண்ணில் புகார் செய்யலாம்.

தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். வழியில் வண்டி நின்றால் இடைஞ்சல். வேலை நடுவில் தடைபட்டால் இடையூறு. திரும்பத் திரும்ப வந்தால் தொந்தரவு, தொல்லை. பயமுறுத்தி, அவமானப்படுத்தினால் துன்புறுத்தல். ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் டிஸ்டர்ப் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். கேட்கிறவருக்கு உள்ளே இருப்பது கல்லா, பஞ்சா என்று தெரிவதில்லை.

கடன் வசூல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடனைத்தான் நுண்கடன் என்கிறார்கள். அதன் வசூலில் என்னென்ன செய்யக்கூடாது என்று அந்த விதிகள் பெயர் சொல்லியே எழுதியிருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. ஓயாமல் அழைக்கக்கூடாது. மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது. உறவினரையும் நண்பர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக்கூடாது. இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அந்த இடத்துக்கு நாம் போகவில்லையென்றால்தான் வீட்டுக்கு வரலாம்.

கடனைக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கியதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் "டிஸ்டர்ப் பண்றாங்க" என்று எழுதினால் அது எந்த விதியிலும் உட்காராது. "இந்தத் தேதி ராத்திரி 9.20க்கு, இந்த எண்ணிலிருந்து அழைத்து, இப்படிப் பேசினார்" என்று எழுதினால் உட்காரும். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொரு இடத்திலும் இந்தச் சொல் அடிக்கடி வரும். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை, "பஸ்ல ஒருத்தன் டிஸ்டர்ப் பண்றான்மா" என்று சொல்லும். அம்மாவுக்கு நேராகச் சொல்லக் கூச்சம், அதனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பார்க்கிறானா, பின்னால் வருகிறானா, தொடுகிறானா, போன் நம்பர் கேட்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். "நீ ஏன் அவனைப் பார்த்தே?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த முறை அந்த டிஸ்டர்ப் என்ற சொல்கூட வராது.

தமிழ்நாட்டில் 1998ல் வந்த சட்டத்துக்கு முதலில் "ஈவ் டீசிங்" தடுப்புச் சட்டம் என்றுதான் பெயர். அது ஏதோ கேலி, கிண்டல் என்பது போல ஒலித்தது. 2002ல் அந்தப் பெயரையே மாற்றி, பெண் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று வைத்தார்கள். சட்டத்துக்கே சரியான பெயர் தேவைப்பட்டிருக்கிறது. உதவிக்கு 181ஐ அழைக்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் 1098.

அந்த உறுப்பினரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். போனில் இருந்த அழைப்புகளைத் தேதிவாரியாக எடுத்தோம். பதினோரு வரி வந்தது. ஒரு வரியில்கூட டிஸ்டர்ப் இல்லை. குழுத் தலைவியும் பிரதிநிதியும் கூடவே போய் நிறுவனத்தின் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார்கள். ராத்திரி போன் நின்றுவிட்டது. தவணை பாக்கி இன்னும் இருக்கிறது. அதற்கு உள்கடன் தரலாமா என்று வரும் கூட்டத்தில் பேசுகிறார்கள்.

பயிற்சி: இந்த மாதம் உங்களை யாராவது டிஸ்டர்ப் செய்திருந்தால், அந்தச் சொல்லைப் போடாமல் நடந்ததை நாலு வரியில் எழுதிக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், கணக்கு எழுதும் பிள்ளை எழுதிக் கொடுக்கும்.