வாசலில் சரிபார்த்தவர் கொடுத்த சீட்டு



சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் நம் ஜூஜுவாடி மக்களுக்கு இது தெரியும். வெளியாள் வந்தால் வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் எழுதிச் சீட்டுக் கொடுப்பார். உள்ளே இருக்கும் பொறுப்பாளர் மறுபடி அட்டை கேட்பதில்லை. சீட்டைப் பார்த்தே பேசுவார். வந்தவர் தானே ஒரு தாளில் "நான் மேனேஜர்" என்று எழுதி நீட்டினால் ஏற்பாரா?

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். நம் உதவித்தொகைப் பட்டியலுக்கு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தோம். முகவரியின் கடைசியில் பயனர் பெயராக 'செயலாளர்' என்று தட்டியதும், விதவைச் சகோதரிகளின் பக்கம் அப்படியே திறந்துகொண்டது. மாதிரிப் பெயர்களை வைத்துச் சோதித்ததால் தப்பித்தோம், அல்ஹம்துலில்லாஹ். வந்தவர் எழுதிக்கொண்ட தாளை நம் ஸ்கிரிப்ட் சீட்டு என்று நம்பிவிட்டது.

வெப் சர்வர் வாசல் காவலர். ஸ்கிரிப்ட் உள்ளே இருக்கும் பொறுப்பாளர். அப்பாச்சி போன்ற சர்வரில் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்தால், சரிபார்த்த பெயரை அது 'ரிமோட் யூசர்' என்ற மாறியில் வைத்து ஸ்கிரிப்டிடம் தரும். 2004இல் வெளியான சி.ஜி.ஐ. 1.1 விதிமுறை இதைக் கூறுகிறது. பிரவுசர் அனுப்பும் ஹெடர்களோ 'எச்.டி.டி.பி.' என்ற முன்னொட்டுடன் வரும். முதலாவது காவலர் கொடுத்த சீட்டு. இரண்டாவது வந்தவரின் சொல்.

இந்த முன்னொட்டே ஒருமுறை ஏமாற்றியது. 2016இல் வெளிச்சத்துக்கு வந்த 'எச்டிடிபாக்ஸி' குறைபாட்டில், வெளியாள் அனுப்பிய 'ப்ராக்ஸி' ஹெடர் 'எச்.டி.டி.பி. ப்ராக்ஸி' என்ற மாறியானது. சில நிரல்கள் அதைச் சொந்த அமைப்பு என்று எடுத்துக்கொண்டன.

ஆகவே நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

1. முகவரியிலோ படிவத்திலோ வரும் பெயரை வைத்து யாரையும் உள்ளே விடாதீர்கள்.

2. 'பேசிக்' முறையில் பாஸ்வேர்டு பேஸ்64 எழுத்தாக மாறுமே தவிர, பூட்டப்படுவதில்லை. எவரும் திருப்பிப் படிக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

3. முன்னால் ஒரு சர்வர் நின்று பெயரை ஹெடரில் அனுப்பினால், வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை அது நீக்க வேண்டும். பின்னால் உள்ள ஸ்கிரிப்டை வேறு வழியில் யாரும் நேராக அணுக முடியக்கூடாது.

4. ஆள் யார் என்று சர்வர் சொல்லும். எதைப் பார்க்கலாம் என்பதை ஸ்கிரிப்ட்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டியலைத் திறக்க உரிமை உள்ளவரா என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேளுங்கள்.

நம்மிடம் உதவி கேட்டு வருபவர் தம் வறுமையை நம்மிடம் மட்டுமே சொல்கிறார். அது அமானிதம். பூட்டிய பீரோவில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் அதைக் காப்பது நம் பொறுப்பு.