பட்டறை மேசை எவ்வளவு உயரம்?

மாணவர்கள் கையால் செய்து பழக, அடல் டிங்கரிங் லேப் திட்டத்தை மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே அறை. ஆனா, ஒரே உயர மேசை எல்லாருக்கும் சரிப்படுமா?

நேராக நின்று முழங்கையை மடக்குங்க. தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்க. அதுதான் கணக்கு.

* சாலிடரிங் போன்ற நுணுக்க வேலை: மேசை அதைவிட 5 செ.மீ. உயரம்.
* ரம்பம், இழைப்புளி வேலை: 15 முதல் 20 செ.மீ. தாழ்வு. அப்பதான் உடம்பின் பலம் கைக்கு இறங்கும்.

மேசை ரொம்ப உயரமா இருந்தா தோள் தூக்கும், ரம்பம் வழுக்கும், விரல் வெட்டுப்படும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏறி நிற்க, அகலமான, ஆடாத பலகை மேடை போடலாம். மேசை வாங்கும் முன் நம்மை அளப்போம்!