அல்ஹம்ரா: சிறிய அரசொன்றின் பெரிய மாளிகை

உலகப் புகழ்பெற்ற மாளிகைகள் பெரும்பாலும் பலம்மிக்க பேரரசர்கள் கட்டியவை. ஸ்பெய்னின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ரா அப்படியல்ல. 1236இல் குர்துபா வீழ்ந்தது. 1248இல் இஷ்பீலியா வீழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1238இல், முஹம்மத் இப்னுல் அஹ்மர் கிரனாடாவைத் தலைநகராக்கி நஸ்ரிய ஆட்சியை நிறுவினார். அருகிலிருந்த கஸ்டீலிய மன்னருக்குக் கப்பம் கட்டித்தான் அவரால் அரசைக் காக்க முடிந்தது. இதை அறிந்த பிறகு, "அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை" என்ற வாசகம் அம்மாளிகைச் சுவர்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருப்பதை வேறுவிதமாக வாசிக்கத் தோன்றுகிறது. எனக்கு அது பெருமிதத்தைவிடப் பிரார்த்தனையாகவே படுகிறது.

அல்ஹம்ரா என்றால் சிவந்தது என்று பொருள். அதன் மதில்கள் செம்மண்ணை இறுக்கி எழுப்பப்பட்டவை. உள்ளேயும் பொன்னோ இரத்தினமோ பெரிதாக இல்லை. சாந்து, மரம், ஓடு, மெல்லிய பளிங்குத் தூண்கள், இவ்வளவுதான். முதலாம் யூசுபின் சிம்மாசன மண்டபக் கூரை 8,017 மரத் துண்டுகளைப் பொருத்திச் செய்யப்பட்டது. அடுக்கடுக்கான நட்சத்திரக் கோலங்கள் ஏழு வானங்களைக் குறிக்கின்றன என்பர். கூரையின் அடியில் ஸூரதுல் முல்க் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழு வானங்களைக் கூறும் அந்த ஸூராவின் கீழேதான் சுல்தான் அமர்ந்திருந்தார்.

ஆனால் மாளிகையின் உயிர் தண்ணீர்தான். குன்றின் மேல் ஊற்று இல்லை. ஆகவே தாரோ ஆற்றை ஏறத்தாழ 6 கிலோமீற்றர் மேலே மறித்து, சரிவோடு வாய்க்கால் வெட்டினார்கள். பம்பி எதுவுமில்லை, நிலத்தின் சாய்வே நீரை நடத்தியது. ஐந்தாம் முஹம்மத் கட்டிய சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்களின் வாயிலிருந்து விழுவதும் அந்த நீர்தான். நடுத் தொட்டியின் விளிம்பில், அவரது அமைச்சரும் கவிஞருமான இப்னு ஸம்ரக் அந்நீரைப் பற்றிப் பாடிய கவிதை செதுக்கப்பட்டுள்ளது. கட்டடமே தன்னை விளக்கும் நூலாகவும் இருப்பதை வேறெங்கு காண்போம்?

1492 ஜனவரி 2ஆம் திகதி கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் மாளிகையை ஒப்படைத்தார். வெளியேறுகையில் அவர் திரும்பிப் பார்த்து அழுததாகவும், ஆணைப்போல் காக்கத் தவறியதற்காகப் பெண்ணைப்போல் அழுகிறாய் என்று தாய் ஆயிஷா ஏசியதாகவும் ஒரு கதை உண்டு. எங்கும் மேற்கோளாகக் காட்டப்படும் இக்கதை பின்னாளில் ஸ்பானிய எழுத்தாளர்கள் பரப்பியது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1482இல் மகனை அரியணையில் ஏற்றத் துணைநின்ற அரசியல் துணிவு அந்தத் தாய்க்கு இருந்தது. அவரை இந்த ஒரு வசனத்துக்குள் அடைத்துவிட்டார்கள்.

வென்றவர்கள் அல்ஹம்ராவை இடிக்கவில்லை, தாமே குடியேறினார்கள். பின்னர் ஐந்தாம் சார்ள்ஸ் மன்னர் அதனருகிலேயே தமக்கொரு கல்மாளிகையை 1527இல் தொடங்கினார். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். அதற்குக் கூரை முழுமையாக அமைந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அவர் அங்கு ஒருநாளும் வாழவில்லை.