நான்காம் ஆண்டு வீணா?

கேள்வி: பி.ஏ. சமூகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். இன்னும் ஓராண்டு ‘ஆனர்ஸ்’ படிக்க ஆசை. அப்பாவோ, “ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போ” என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, படப்பை

பதில்: ஆசையை விட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 வழிகாட்டுதல்படி, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதி, ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டம் பெறலாம். நான்காண்டுப் பட்டத்திலும் 75 சதவீதம் இருந்தால், எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்புதான் என்றால் இரண்டாண்டு எம்.ஏ. படியுங்கள், அதுவும் நல்ல வழியே.

ஆய்வுக்குத் தலைப்பு தேடி வெளியூர் போக வேண்டாம். விடியுமுன் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாக கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் பேசுங்கள். எந்த ஊர், எங்கே தங்கல், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அப்பாவிடமும் அதைப் படித்துக் காட்டுங்கள். இந்தப் படிப்பின் அருமை அவருக்கும் புரியும்.